மதர்போர்ட் அதே, புரொசசர் மட்டும் புதிது: குறைந்த காசில் கேமிங் பிசியை ஏற்றுவது எப்படி

புரொசசருக்கு எவ்வளவு காசு போகும் என்பதை உங்கள் மதர்போர்ட்தான் தீர்மானிக்கிறது. போர்ட் அப்படியே இருந்தால் செலவு ஒரு புரொசசரும், அதற்கும் கூலருக்கும் நடுவே பூசும் பேஸ்டில் ஒரு சின்னக் குழாயும்தான். போர்டையும் மாற்ற வேண்டி வந்தால் ரேம், சில வேளை கூலர், விண்டோஸ் லைசன்ஸ் என்று ஒவ்வொன்றாகப் பின்னால் வரும். 2025 கடைசியில் தொடங்கி ரேம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. இப்போது இருக்கிற போர்ட் தாங்கக்கூடிய மிக நல்ல புரொசசரைக் கண்டுபிடித்து, அதை நியாயமான விலைக்கு எடுத்து, ஒரு பின்கூட (மெல்லிய உலோகக் கால்) வளையாமல் பூட்டுவது எப்படி என்று பார்ப்போம்.

குற்றம் புரொசசரில்தானா?

காசைக் கையில் எடுக்க முதல் இதை உறுதிப்படுத்துங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பேர்னர் என்ற மென்பொருளை அதனோடு வரும் ரிவாட்யூனருடன் போட்டு, ஜிபியு (கிராபிக்ஸ் கார்ட்) பாவனை வீதம், ஒவ்வொரு சிபியு கோரின் (புரொசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) பாவனை, வெப்பம், எஃப்பிஎஸ் (வினாடிக்கு எத்தனை படம்) ஆகியவை திரையில் தெரியும்படி செய்யுங்கள். விசிங்க்கையும் எஃப்பிஎஸ் கட்டுப்பாட்டையும் நிறுத்திவிட்டு, நீங்கள் அதிகம் விளையாடும் கேமை 15 நிமிடம் ஓட்டுங்கள். ஜிபியு 95 வீதத்துக்கு மேலேயே நின்றால் புது புரொசசர் போட்டும் பெரிதாக ஒன்றும் மாறாது. உங்களுக்குத் தேவை கிராபிக்ஸ் கார்ட். ஜிபியு 60, 70 வீதத்தில் படுத்திருக்க, ஒன்றிரண்டு கோர்கள் மட்டும் 90ஐத் தாண்டி நின்றால் தடை புரொசசரில்தான்.

இங்கே பலர் ஏமாறுவது மொத்த சிபியு வீதத்தைப் பார்த்துத்தான். டாஸ்க் மேனேஜர் 40 வீதம் என்று காட்டும். ஆனால் கேமின் முக்கிய வேலை ஒரே ஒரு கோரில் ஓடி, அந்தக் கோர் மூச்சு முட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் கோர் வாரியாகப் பார்க்கச் சொல்வது. இன்னும் சந்தேகம் என்றால் ரெசல்யூஷனை 1080இலிருந்து 720க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் ஏறாமல் அதே இடத்தில் நின்றால் சந்தேகமே வேண்டாம், புரொசசர்தான்.

அதற்குப் பிறகும் கடைக்குப் போக முதல் மூன்று விஷயம். சிபியு-இசட் என்ற மென்பொருளில் மெமரி பக்கத்தைத் திறந்து சனல் சிங்கிளா டூவலா என்று பாருங்கள். ஒற்றை 8 ஜிபி ரேமோடு ஓடும் பிசிக்கு அதே மாதிரி இன்னொன்று போட்டாலே சில கேம்களில் புரொசசர் மாற்றிய மாதிரி ஒரு வித்தியாசம் தெரியும். அடுத்தது வேகம்: 3200 என்று எழுதி விற்ற ரேம், பயோஸில் (போர்டின் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பு) போடாததால் 2133இலோ 2400இலோ ஓடிக்கொண்டிருக்கலாம். சிபியு-இசட் காட்டும் எண் பாதிதான், 1600 என்று காட்டினால் அது 3200. மூன்றாவது வெப்பம். கொழும்பில் ஏசி இல்லாத அறை பகலில் 31, 32 பாகையில் இருக்கும். நாலைந்து வருடம் தூசி பிடித்த கூலரும் காய்ந்த பேஸ்டும் சேர்ந்தால் புரொசசர் 95 பாகையைத் தொட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். துப்புரவாக்கிப் புது பேஸ்ட் போட்டாலே இழந்த வேகம் திரும்பி வரும்.

உங்கள் போர்ட் எதுவரை தாங்கும்

சிபியு-இசட்டில் மெயின்போர்ட் பக்கம் மொடலைக் காட்டும். கிகாபைட் போன்ற போர்ட்களில் மூலையில் அச்சடித்திருக்கும் ரிவிஷன் எண்ணும் முக்கியம், ஒரே பெயரில் வெவ்வேறு ரிவிஷன்களுக்கு வெவ்வேறு பயோஸ் இருக்கும். அந்த மொடலின் தயாரிப்பாளர் தளத்தில் சிபியு சப்போர்ட் பட்டியலைத் திறந்து, வாங்க நினைக்கும் புரொசசரின் பெயரையும் அதற்குத் தேவையான பயோஸ் பதிப்பையும் எழுதிக்கொள்ளுங்கள். பட்டியலில் பெயர் இல்லையென்றால் கடைக்காரர் என்ன சொன்னாலும் வாங்க வேண்டாம்.

உங்களிடம் இருப்பது ஏஎம்4 சொக்கெட் (போர்டில் ஏஎம்டி ரைசன் புரொசசர் உட்காரும் இடம்) என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். 2017இல் முதல் ரைசனோடு வந்தவர்கூட 2020 நவம்பரில் தொடங்கிய 5000 வரிசைக்கு ஏறலாம். பி450, எக்ஸ்470, பி550, எக்ஸ்570, ஏ520 போர்ட்களுக்குப் பிரச்சினை இல்லை. ஏ320, பி350, எக்ஸ்370 போர்ட்களுக்கும் 2022இல் ஏஎம்டி வழி திறந்துவிட்டது, ஆனால் உங்கள் மொடலுக்குப் புதிய பயோஸ் வந்திருக்கிறதா என்பது அந்தப் போர்ட் செய்த நிறுவனத்தைப் பொறுத்தது.

இந்தச் சொக்கெட்டில் காசுக்கு ஏற்ற தெரிவு என்றால் ரைசன் 5 5600தான். 6 கோர், 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைச் சரடு), 32 எம்பி எல்3 கேஷ் (புரொசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்), 65 வொட். 1600, 2600, 3400ஜி போன்றவற்றிலிருந்து வருபவருக்கு வித்தியாசம் முதல் நாளே தெரியும். 5600எக்ஸ் இதைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். விலை சமமாக இருந்தால் மட்டும் எடுங்கள். 5500 மலிவு, ஆனால் எல்3 கேஷ் 16 எம்பிதான், பிசிஐஇயும் (கிராபிக்ஸ் கார்ட் புரொசசரோடு பேசும் வழி) 3ஆம் தலைமுறை. 5600ஜியும் அதே கதை. கேமுக்கு அந்தக் கேஷ்தான் சோறு போடுவது. விலை வித்தியாசம் சின்னதென்றால் 5600ஐ விட்டு 5500க்கு இறங்காதீர்கள்.

வீடியோ எடிட்டிங்கும் செய்பவருக்கு 8 கோர் உள்ள 5700எக்ஸ் நல்லது. இதுவும் 65 வொட்தான், ஆனால் பெட்டியில் கூலர் வராது. 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி இரண்டிலும் 96 எம்பி எல்3 கேஷ். கேமுக்கு ஏஎம்4இல் இவற்றுக்கு மேல் ஒன்றும் இல்லை. ஆனால் ஜிடிஎக்ஸ் 1660, ஆர்எக்ஸ் 580 மாதிரிக் கார்டோடு 60 ஹேர்ட்ஸ் மொனிட்டரில் விளையாடுபவர் அதற்குக் காசு கொட்டத் தேவையில்லை. இவை 105 வொட் புரொசசர்கள் என்பதும் கவனத்தில் இருக்கட்டும். மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் விஆர்எம் பகுதியில் அலுமினிய மூடிகூட இல்லாத மலிவு ஏ320, பி450 போர்ட்களில் இவற்றைப் போட்டால் அந்தப் பகுதி சூடாகி, கேம் நடுவே வேகம் விழும். அப்படிப்பட்ட போர்டுக்கு 65 வொட்டோடு நிற்பதே புத்தி.

ஒரு எச்சரிக்கை. 2200ஜி, 3200ஜி, 3400ஜி வைத்துத் தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லாமல் விளையாடுபவர் 5600 வாங்கினால் திரையில் ஒன்றுமே வராது. 5600இல் உள்ளக கிராபிக்ஸ் இல்லை. இன்டெலில் பெயர் எஃப் என்று முடிபவையும் அப்படித்தான்.

இன்டெல் பக்கம் சொக்கெட் பெயரை மட்டும் நம்பக்கூடாது. எல்ஜிஏ1151 என்ற ஒரே பெயரில் இரண்டு உலகம் இருக்கிறது. 6ஆம், 7ஆம் தலைமுறைக்கு 100, 200 வரிசை போர்ட். 8ஆம், 9ஆம் தலைமுறைக்கு 300 வரிசை போர்ட். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஒன்றில் மற்றது வேலை செய்யாது. எச்310, பி360 போர்டில் ஐ3 8100 இருந்தால் ஐ5 9400எஃப், ஐ7 8700 வரை போகலாம். எல்ஜிஏ1200இல் எச்410, பெரும்பாலான பி460 போர்ட்கள் 10ஆம் தலைமுறையோடு நின்றுவிடும். எச்510, பி560 என்றால் 11400எஃப் வரை. எல்ஜிஏ1700இல் 12100எஃப் வைத்திருப்பவர் 12400எஃப்புக்கு ஏறலாம்: 6 கோர், 12 த்ரெட், கூலர் பெட்டியிலேயே வரும். அதே சொக்கெட்டில் பாவித்த 13ஆம், 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 மலிவாகக் கண்ணில் பட்டால் நிதானியுங்கள். மின்னழுத்தம் தேவைக்கு மேல் ஏறி அந்தச் சில்லுகள் தேய்வதை 2024இல் இன்டெலே ஒப்புக்கொண்டு பயோஸ் வழியாகத் திருத்தம் விட்டது. திருத்தம் வர முதலே தேய்ந்தது திரும்பிச் சரியாகாது. 12ஆம் தலைமுறைக்கு இந்த நோய் இல்லை.

ஐ5 6500, 7400 வைத்திருப்பவர்கள் ஐ7 7700 தேடி அலைகிறார்கள். 4 கோர் 8 த்ரெட் கிடைக்கும்தான். ஆனால் அந்தப் போர்டில் போடக்கூடிய கடைசி நல்ல புரொசசர் என்பதாலேயே பாவித்த 7700க்கு விலை இறங்காமல் நிற்கிறது. மறுபக்கம், 6ஆம், 7ஆம் தலைமுறை விண்டோஸ் 11இன் அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. உங்கள் ரேம் டிடிஆர்4 என்றால், அதைக் கழற்றிப் பாவித்த பி450 போர்ட் 5600 சோடிக்கோ, டிடிஆர்4 எச்610 போர்ட் 12100எஃப் சோடிக்கோ மாற்ற முடியும். 7700இன் விலையையும் பழைய போர்டும் புரொசசரும் விற்று வரும் காசையும் கூட்டிப் பாருங்கள். பல வேளை அந்தச் சோடியின் விலைக்குக் கிட்ட வந்துவிடும். போர்டை மாற்றுவது இலாபமாகும் ஒரே இடம் இதுதான்.

அதற்கும் பழையவை என்றால் பெரிய செலவு வேண்டாம். 4ஆம் தலைமுறை போர்டில் ஐ7 4770, அல்லது அதே திறனில் உள்ளக கிராபிக்ஸ் இல்லாத இன்டெலின் சர்வர் புரொசசரான சியோன் இ3 1230 வி3, சல்லிசாகக் கிடைத்தால் போடலாம். 2ஆம், 3ஆம் தலைமுறையில் ஏவிஎக்ஸ்2 (புதிய புரொசசர்களில் இருக்கும் கட்டளைத் தொகுதி) இல்லாததால் சில புதிய கேம்கள் திறக்கவே மாட்டா. அதில் ஐ7 3770 வாங்கிப் போடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் விடுவது. 6ஆம் தலைமுறைக்கான சியோன் இ3 வி5 சாதாரண எச்110, பி150 போர்ட்களில் இயங்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒப்பீஸ்களிலிருந்து கழித்து வந்த டெல் ஒப்டிபிளெக்ஸ் மாதிரிப் பெட்டிகளில் போர்டும் பவர் சப்ளையும் நிறுவனத்தின் தனி வடிவம். 7040 என்றால் ஐ7 6700 வரைதான், வேறு போர்ட் உள்ளே பொருந்தாது.

கொழும்பில் வாங்குவது

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் மாடி ஏறி இறங்கினால் ஒரே மணித்தியாலத்தில் பல கடை விலை கைக்கு வந்துவிடும். டொலரோடு ஆடும் சாமான் என்பதால் போன கிழமை கேட்ட விலையை நம்பிப் போகாதீர்கள், காலையிலேயே போன் பண்ணிக் கேளுங்கள். காசுக்கு என்ன விலை, கார்டுக்கு என்ன விலை என்று பிரித்துக் கேளுங்கள். பழைய புரொசசரைக் கழித்துக்கொள்வார்களா என்றும் கேட்கலாம், ஆனால் இணையத்தில் நீங்களே விற்றால் கூடுதலாக வரும்.

பெட்டி இல்லாமல் வரும் ட்ரே புரொசசர் மோசமான சாமான் இல்லை. சில்லு அதேதான். கூலரும் தயாரிப்பாளர் வாரண்டியும் கிடையாது, கடைக்காரர் கொடுக்கும் வாரண்டிதான் உங்கள் பாதுகாப்பு. அதனால் வாரண்டிக் காலமும் சீரியல் எண்ணும் பில்லில் எழுதியிருக்க வேண்டும். பின் வளைந்தால் எந்த வாரண்டியும் செல்லாது, ஆகவே ஏஎம்4 புரொசசரைக் கடையில் வைத்தே திருப்பிப் பாருங்கள்.

பார்க்கும் முறை இது. போன் டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, கண்ணைப் பின்களின் மட்டத்துக்கு இறக்குங்கள். 1331 பின்களும் வயல் வரப்புப் போல நேர்க் கோடுகளாகத் தெரிய வேண்டும். கொஞ்சம் திருப்பி மற்றத் திசையிலும், பிறகு மூலைவிட்டமாகவும் பாருங்கள். எங்காவது கோடு நெளிந்தால் அந்த இடத்தில் ஒரு பின் சரிந்திருக்கிறது. பின்னின் அடியில் கறுத்த அடையாளமோ, இரண்டு பின்னுக்கு நடுவே பேஸ்டோ இருந்தால் கையில் எடுக்காதீர்கள். இன்டெலில் பின்கள் போர்டின் சொக்கெட்டில் இருக்கும், புரொசசரின் அடியில் தங்கப் புள்ளிகளில் கருக்கல் இல்லாமல் இருந்தால் போதும்.

தனியாரிடம் பாவித்ததை வாங்கும்போது ஓடுகிற நிலையில் பார்ப்பதுதான் சரி. சிபியு-இசட்டில் பெயர் சரியா என்று பார்த்துவிட்டு, புரொசசரை முழுதாக வேலை வாங்கிப் புள்ளி போடும் சினிபெஞ்ச் ஆர்23ஐ 10 நிமிடம் ஓடவிடச் சொல்லுங்கள். 5600 நல்ல நிலையில் இருந்தால் மல்டி கோர் புள்ளி 11,000ஐ ஒட்டி வரும். அதைவிட மிகக் குறைந்தால் வெப்பமோ போர்டோ அதைப் பிடித்து இழுக்கிறது. பிறகு உங்கள் கண்முன்னே கழற்றிப் பின்களைக் காட்ட வேண்டும். காட்டத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

பாவித்த போர்டும் சேர்த்து எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடற்கரையை ஒட்டிய வீடுகளில் ஓடிய போர்ட்களில் உப்புக் காற்று வேலை காட்டியிருக்கும். ரேம் சிலொட், சொக்கெட் ஓரம், யூஎஸ்பி வாய்களில் பச்சை பூத்திருந்தால் விட்டுவிடுங்கள்.

கழற்றுவதற்கு முந்திய நாள்

பயோஸ் புதுப்பிப்பதைப் பழைய புரொசசர் உள்ளே இருக்கும்போதே செய்ய வேண்டும். பழைய பயோஸுக்குப் புது புரொசசரைத் தெரியாது. முதலில் புது புரொசசரை மாட்டிவிட்டுத் திரை கறுப்பாக நிற்க, போர்ட் செத்துவிட்டது என்று நினைத்துக் கடைக்கு ஓடுவது நடக்கிறது.

தயாரிப்பாளர் தளத்தில் உங்கள் மொடல், ரிவிஷனுக்குரிய பயோஸை இறக்கி, ஃபெட்32 முறையில் ஃபோர்மட் செய்த பென் ட்ரைவில் போடுங்கள். 300, 400 வரிசை ஏஎம்4 போர்ட்களுக்கு அஜீசா (பயோஸுக்குள் இருக்கும் ஏஎம்டியின் மென்பொருள்) 1.2.0.7 அல்லது அதற்குப் பிந்தியது நல்லது, எஃப்டிபிஎம்மால் (ரைசனுக்குள்ளேயே இருக்கும் டிபிஎம் பாதுகாப்புப் பகுதி) கேமில் வரும் தடக்கலுக்கும் அந்தப் பதிப்பில்தான் தீர்வு வந்தது. சில போர்ட்களில் இடைப்பட்ட ஒரு பதிப்பை முதலில் ஏற்றிவிட்டுத்தான் கடைசிப் பதிப்புக்குப் போக வேண்டும். அந்தக் குறிப்பு இறக்கும் பக்கத்திலேயே இருக்கும், வாசிக்காமல் தாண்டாதீர்கள். விண்டோஸுக்குள் இருந்து ஃபிளாஷ் செய்யும் (பயோஸை மாற்றி எழுதும்) மென்பொருளைவிட பயோஸுக்குள்ளேயே இருக்கும் கருவி பாதுகாப்பானது.

இந்த வேலை 5 நிமிடம். அந்த 5 நிமிடத்துக்குள் கரண்ட் போனால் போர்ட் எழும்பாமல் போகலாம். யூபிஎஸ் இருந்தால் அதில் போடுங்கள். இல்லையென்றால் மழையும் இடியும் இல்லாத நேரம் பாருங்கள், பின்னேர இடிமழை மாதங்களில் காலையில் செய்யுங்கள். போர்டின் பின்பக்கம் பயோஸ் ஃபிளாஷ்பெக் பொத்தான் இருந்தால் பிழை நடந்தாலும் மீட்டெடுக்கலாம்.

ஃபிளாஷுக்கு முதல் இன்னொரு வேலை இருக்கிறது, இதை விட்டால் கோப்புகளே போய்விடலாம். விண்டோஸ் 11இல் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கரோ டிவைஸ் என்கிரிப்ஷனோ உங்களுக்குத் தெரியாமலே ஓடிக்கொண்டிருக்கலாம். அதன் திறவுகோல் டிபிஎம்மில் இருக்கிறது. ரைசனில் டிபிஎம் புரொசசரோடு கட்டுண்டது. புரொசசர் மாறினால் விண்டோஸ் 48 இலக்கமுள்ள மீட்பு எண்ணைக் கேட்கும். செட்டிங்ஸில் தேடி அந்தப் பூட்டை நிறுத்திவையுங்கள், எப்படியும் மீட்பு எண்ணை மைக்ரோசொஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துக் காகிதத்தில் எழுதிவையுங்கள். பயோஸ் புதுப்பித்ததும் பழைய புரொசசரோடு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். நாளைக்கு ஒரு பிழை வந்தால் அது பயோஸாலா புரொசசராலா என்று குழம்பத் தேவையில்லை.

கழற்றிப் பூட்டுதல்

மேசையில் எடுத்துவைக்க வேண்டியவை: நட்சத்திர ஸ்குரூ ட்ரைவர், தெர்மல் பேஸ்ட், ஐசோப்ரொபைல் அல்கஹோல், பழைய பருத்திச் சாரத் துண்டு. டிஷு இழை விடும், சாரத் துண்டு விடாது. பேஸ்ட் 4 கிராம் குழாய் ஐந்தாறு தடவைக்குக் காணும்.

ஏஎம்4இல் விபத்து நடக்கும் இடம் கூலரைத் தூக்கும் நொடி. காய்ந்த பேஸ்ட் பசை மாதிரிப் பிடித்திருக்கும். சொக்கெட்டின் பிடி அவ்வளவு வலுவில்லை. நேரே மேலே இழுத்தால் புரொசசர் கூலரோடு ஒட்டிக்கொண்டு, நெம்புகோல் பூட்டியிருக்கும்போதே உருவிக்கொண்டு வரும், பின்கள் சரியும். இதைத் தவிர்க்க, நிறுத்த முதல் 10 நிமிடம் சினிபெஞ்சோ கேமோ ஓட்டிப் பேஸ்டைச் சூடாக்குங்கள். நிறுத்தி, வயரைக் கழற்றி, பவர் பொத்தானை 5 வினாடி அழுத்தி, ஆறவிடாமல் வேலையைத் தொடங்குங்கள். கேசிங்கின் இரும்பை ஒரு தடவை தொடுங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் நிலைமின் குறைவு, ஏசி அறையில் அப்படியில்லை.

ஸ்குரூக்களை மூலைக்கு மூலை மாறி மாறிச் சில சுற்று வீதம் தளர்த்துங்கள். கூலரை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். முதலில் அசையாது. பிறகு ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் என்று வழுகத் தொடங்கும். தடையில்லாமல் வழுகுவதைக் கை உணர்ந்த பிறகே பக்கவாட்டில் சாய்த்து எடுங்கள். இன்னும் பிடிவாதம் என்றால் தலைமுடி காயவைக்கும் மெஷினால் கூலர் அடியில் இரண்டு நிமிடம் சூடு காட்டுங்கள். இதையெல்லாம் மீறி ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால் பதறாதீர்கள், ஓரங்களில் பிடித்துத் திருகிப் பிரியுங்கள். ஒன்றிரண்டு பின் சரிந்திருந்தால் ஈயம் எடுத்த மெக்கானிக்கல் பென்சிலின் வாயைப் பின்னில் மாட்டி மெல்ல மெல்ல நிமிர்த்தலாம். அவசரப்பட்டால் முறியும்.

பழைய பேஸ்டைத் துடைத்துவிட்டு நெம்புகோலை 90 பாகைக்கு நிமிர்த்திப் புரொசசரை எடுங்கள். புதியதன் மூலையில் இருக்கும் தங்க முக்கோணமும் சொக்கெட்டில் இருக்கும் முக்கோணமும் ஒரே மூலைக்கு வர வேண்டும். மேலே வைத்து விட்டால் தன் பாரத்திலேயே இறங்கிச் சமமாக உட்காரும். உட்காரவில்லையென்றால் எடுத்துப் பாருங்கள், விரலால் அமுக்கவே கூடாது. உட்கார்ந்த பிறகு நெம்புகோலைப் பூட்டுங்கள். இன்டெலில் இறுக்கிப் பூட்டும்போது ஒரு நறநறச் சத்தம் வரும், அது வழமை.

பேஸ்ட் நடுவில் ஒரு கடலைப் பருப்பு அளவு. பரப்பத் தேவையில்லை, கூலரின் அழுத்தம் பரப்பும். புதுப் பெட்டியில் வந்த ஏஎம்டியின் ஸ்டெல்த் கூலரில் பேஸ்ட் ஏற்கெனவே பூசியிருக்கும், அதன் மேல் இன்னொன்று போட வேண்டாம்.

ஸ்டெல்த் கூலர் ஸ்குரூவில் பூட்டுவது. உங்கள் போர்டில் கொக்கிக்கான பிளாஸ்டிக் தாங்கிகள் இருந்தால் அவற்றைக் கழற்ற வேண்டும். கழற்றும்போது போர்டின் பின்னால் இருக்கும் இரும்புத் தகடு விழுந்துவிடும், கேசிங்கைப் படுக்கவைத்துப் பின்பக்கம் கையை விட்டுத் தாங்கிக்கொள்ளுங்கள். நாலு ஸ்குரூவையும் முதலில் நூல் பிடிக்கும்வரை மட்டும் திருப்பி, பிறகு மூலைக்கு மூலை இரண்டு சுற்று வீதம் இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் அழுத்தம் சாய்ந்து, சில வேளை ரேம் ஒரு சனலே காணாமல் போகும். கூலர் ஃபேன் வயரை சிபியு ஃபேன் என்று எழுதிய இடத்தில் கொழுவுங்கள்.

முதல் தடவை ஓன் செய்யும்போது

ரேமை அடையாளம் காணப் போர்டுக்கு நேரம் வேண்டும். திரை வராமல் ஒன்றிரண்டு தடவை தானே நின்று எழும்பலாம், 5 நிமிடம் பொறுங்கள். ரைசனில் எஃப்டிபிஎம் பற்றிக் கேட்டு வை (Y), என் (N) என்று இரண்டு தெரிவு வரும். வை பழைய திறவுகோலை அழித்துவிடும், பிட்லொக்கர் எண் கையில் இருந்தால் தயங்காமல் வை அழுத்துங்கள். எண் இல்லையென்றால் என் (N) அழுத்தி, பழைய புரொசசரைத் திரும்ப மாட்டி எண்ணை எடுத்த பிறகு வாருங்கள்.

அப்போதும் திரை வராவிட்டால் முதலில் எளியவற்றைப் பாருங்கள். மொனிட்டர் வயர் போர்டில் இல்லாமல் கிராபிக்ஸ் கார்டில் இருக்கிறதா, சொக்கெட் பக்கத்து 8 பின் பவர் வயர் மாட்டியாகிவிட்டதா, ரேம் இரண்டு பக்கமும் கிளிக் என்று உட்கார்ந்ததா. பிறகு வயரைக் கழற்றி, போர்டில் இருக்கும் சிஆர்2032 பற்றரியை 5 நிமிடம் எடுத்துவிட்டுப் போடுங்கள், பயோஸ் அமைப்புகள் பழைய நிலைக்குப் போகும். ஒரே ஒரு ரேமை சொக்கெட்டிலிருந்து இரண்டாவது சிலொட்டில் வைத்து முயலுங்கள்.

ஓன் ஆனது, ஆனால் 16 ஜிபியில் 8தான் தெரிகிறது என்றால் ரேமை மாற்ற ஓடாதீர்கள். கூலரைத் தளர்த்திச் சமமாக இறுக்குங்கள். அதற்கும் சரிவராவிட்டால் புரொசசரைக் கழற்றிப் பின்களைப் பாருங்கள். விண்டோஸ் டிஸ்க்கே இல்லை என்று சொன்னால், பயோஸ் புதுப்பித்ததில் சிஎஸ்எம் (பழைய முறையில் போட்ட விண்டோஸை எழுப்பும் அமைப்பு) அணைந்திருக்கிறது, உங்கள் விண்டோஸ் பழைய முறையில் போட்டது. சிஎஸ்எம்மைத் திரும்ப ஓன் பண்ணினால் எழும்பும். ஆனால் வலரன்ட் விளையாடுபவருக்கு விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0உம் செக்யூர் பூட்டும் கட்டாயம், சிஎஸ்எம் ஓனில் இருந்தால் செக்யூர் பூட் வேலை செய்யாது என்பதால், பிறகு ஆறுதலாக விண்டோஸின் எம்பிஆர்2ஜிபிடி கருவி மூலம் டிஸ்க்கை மாற்றிக்கொள்ளுங்கள். மாற்ற முதல் முக்கிய கோப்புகளைப் பிரதி எடுங்கள்.

போர்ட் அதே என்பதால் விண்டோஸை மறுபடி போடத் தேவையில்லை. சிப்செட் ட்ரைவரை மட்டும் புதிதாகப் போடுங்கள். பயோஸில் எக்ஸ்எம்பியை மறுபடி ஓன் பண்ண மறக்காதீர்கள், புதுப்பித்ததும் அது அணைந்திருக்கும், 3200 ரேம் திரும்ப 2400க்குப் போயிருக்கும். 5000 வரிசைக்கு 3200இலிருந்து 3600 வரை நல்ல இடம்.

வெப்பத்தைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து சினிபெஞ்சை 10 நிமிடம் ஓட்டுங்கள். மதிய வெக்கையில் ஸ்டெல்த் கூலரோடு 5600, 80 பாகையை ஒட்டி நின்றால் பயமில்லை. 90ஐத் தொட்டால் கூலர் சரியாக உட்காரவில்லை, அல்லது கேசிங்கில் காற்று இல்லை. பக்கக் கதவைத் திறந்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். வெப்பம் ஏழெட்டுப் பாகை இறங்கினால் குறை காற்றில், முன்னால் ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் போட்டால் தீரும். பயோஸில் கேர்வ் ஒப்டிமைசர் (கோர்களின் மின்னழுத்தத்தைக் குறைக்கும் அமைப்பு) இருந்தால் எல்லாக் கோருக்கும் மைனஸ் 15 கொடுத்துப் பாருங்கள், செலவில்லாமல் வெப்பம் குறையும். கொடுத்த பிறகு, புரொசசர் நிலைத்து நிற்கிறதா என்று சோதிக்கும் ஓசிசிடியை ஒரு மணித்தியாலம் ஓட்டுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோவின் அடியில் ஹீயா (வன்பொருள்) பிழை ஒன்றாவது எண்ணப்பட்டால் மைனஸ் 10க்கு வாருங்கள்.

பழைய புரொசசரை உடனே விற்றுவிட வேண்டாம். புதியது வந்த பிளாஸ்டிக் கூட்டில், பின்கள் எதிலும் படாமல் பாரம் ஏறாத இடத்தில் இரண்டு கிழமை வைத்திருங்கள். இடையில் புதியது மக்கர் பண்ணினால், குறை போர்டிலா புரொசசரிலா என்று காட்டித் தருவது அதுதான், வாரண்டிக்குக் கடையில் போய்க் கதைக்கும்போதும் உதவும். கேம் ஒரு தடவைகூட விழாமல் அந்த இரண்டு கிழமையும் போனால், டோர்ச் பிடித்துப் பின்களைப் படமெடுத்து, சினிபெஞ்ச் புள்ளியையும் போட்டு விளம்பரம் கொடுங்கள்.